பழைய ப்ராசஸரில் ஃபிளாஷ் டிரைவர்: ஊமைக்காயங்களைத் தேடுவது

எக்ஸ்86-64-ல் வருஷக்கணக்காக ஓடும் ஒரு என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸில் மாட்டும் எஸ்எஸ்டி) டிரைவரை 32 பிட் பவர்பிசியிலோ, ஏஆர்எம்வி5-லோ, பழைய மிப்ஸ் போர்டிலோ ஓட வைக்க உட்காரும்போது எல்லோரும் முதலில் கேட்பது "கம்பைல் ஆகுமா?" என்பதைத்தான். ஆகும். ஆகாவிட்டாலும் கவலையில்லை, எங்கே ஆகவில்லை என்பதைக் கம்பைலரே வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டோரேஜ் டிரைவரில் பயப்பட வேண்டியது வேறு. எல்லாம் பூட் ஆகும், ஃபைல் காப்பி ஆகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், பல நாள் கழித்து ஏதோ ஒரு ஃபைலின் நடுவில் 32 பைட் மட்டும் குப்பையாக இருக்கும். வெளியே ரத்தம் தெரியாத ஊமைக்காயம் மாதிரி. அதனால் இந்த வேலையை நான் ஒரே அளவுகோலில்தான் வரிசைப்படுத்துவேன்: இந்தப் பிழை இருந்தால் அது சத்தம் போடுமா, போடாதா? சத்தம் போடுவதை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். போடாததை நாமாகத் தேடிப் போக வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், பழைய கருவிகளில் ப்ராசஸரும் போர்டும் கல்லு மாதிரி இருக்கும், முதலில் சாவது சுழலும் டிஸ்க்தான். ஆலைகளில், ஆய்வகங்களில், நெட்வொர்க் பெட்டிகளில் இப்படி நிறைய மெஷின்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மெஷினில் ஐடிஇ கனெக்டர் (பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டும் இடம்) இருந்தால் இந்தப் பதிவே உங்களுக்குத் தேவையில்லை. காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு அந்த டிஸ்க்குகளின் ஏடிஏ மொழியையே பேசும், சும்மா கம்பிகளை மாற்றிக் கொடுக்கும் ஒரு அடாப்டர் போதும், டிரைவரில் கை வைக்க வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இருந்தும் ப்ராசஸர் பழசாக இருக்கும் போர்டுகளுக்குத்தான் மீதிக் கதை.

சத்தம் போடுகிறவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 64 பிட் எண்ணை வகுத்தால் 32 பிட் ப்ராசஸரில் கம்பைலர் அதற்கு ஒரு லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிடும், அது லினக்ஸ் கெர்னலில் கிடையாது, லிங்க் ஆகும்போதே நின்றுவிடும். கெர்னல் தரும் வகுத்தல் ஃபங்ஷனைப் போடலாம், ஆனால் பெரும்பாலும் அதுகூட வேண்டாம், ஏனென்றால் என்விஎம்இ தன் பிளாக் அளவை இரண்டின் அடுக்காகத்தான் சொல்கிறது. 9 என்றால் 512 பைட், 12 என்றால் 4096. ஷிஃப்ட் செய்தால் முடிந்தது. அடுத்தது தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன். மெமரி பேரியருக்கு (படிப்பும் எழுத்தும் வரிசை மாறாமல் காக்கும் தடுப்புக்கு) நேரடியாக எம்ஃபென்ஸ் எழுதியிருந்தால் அது எஸ்எஸ்இ2-வோடு வந்தது, பென்டியம் 3-க்குத் தெரியாது. அங்கே ஸ்டாக்கின் மேல் லாக் போட்டு 0-வைக் கூட்டும் பழைய வித்தைதான். சிமூவ் இன்ஸ்ட்ரக்ஷன் பென்டியம் ப்ரோவுக்கு முன் இல்லை. ஏஆர்எம்வி5-ல் எல்டிஆர்எக்ஸ், எஸ்டிஆர்எக்ஸ் ஜோடி இல்லை, அது ஏஆர்எம்வி6-ல் வந்தது. இதெல்லாம் அந்த இடத்திலேயே மெஷினை நிறுத்தும். கெர்னல் தரும் பேரியரையும் அடாமிக் ஃபங்ஷனையும் பயன்படுத்தினால் இந்தக் கணக்கு தானாகவே தீர்ந்துவிடும்.

சத்தத்துக்கும் அமைதிக்கும் நடுவில் நிற்பது 64 பிட் ரெஜிஸ்டர். என்விஎம்இ கன்ட்ரோலரின் முதல் ரெஜிஸ்டரே 64 பிட், அதன் திறன்களைச் சொல்வது. 32 பிட் கெர்னலில் அதை ஒரே மூச்சில் படிக்கும் ஃபங்ஷன் இல்லாததால் கம்பைல் நிற்கும், நல்லது. கீழ்ப்பாதியை முதலிலும் மேல்பாதியைப் பிறகும் படித்துச் சேர்த்துத் தரும் ஒரு ஹெடர் லினக்ஸில் இருக்கிறது, அதைச் சேர்த்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். ஆனால் படித்ததை எதில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அன்சைன்ட் லாங்கில் போட்டிருந்தால் அது இங்கே 32 பிட்தான், மேல்பாதி காணாமல் போயிருக்கும். க்யூவில் மாற்றம் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் டோர்பெல் ரெஜிஸ்டர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது 32-ஆவது பிட்டில்தான் ஆரம்பிக்கிறது. 32 பிட் எண்ணை 32 இடம் ஷிஃப்ட் செய்தால் என்ன வரும் என்று சி மொழி எந்த உறுதியும் தரவில்லை. பவர்பிசியின் இன்ஸ்ட்ரக்ஷன் 0 தரும், எக்ஸ்86-ல் அதே எண் அப்படியே திரும்ப வரும். நிறைய எஸ்எஸ்டிகளில் உண்மையான விடையும் 0 என்பதால் பவர்பிசியில் தற்செயலாகச் சரியாக ஓடும். வேறு இடைவெளி வைத்த எஸ்எஸ்டி ஒன்றை யாராவது மாட்டும்வரை. கம்பைலர் இதற்கு ஒரு எச்சரிக்கை தரும், அதைத் தயவுசெய்து படியுங்கள்.

ஒரு எண்ணின் எந்த பைட் மெமரியில் முதலில் வரும் என்ற எண்டியன் விஷயத்துக்குப் பெரிய பேர் இருக்கிறது, ஆனால் எனக்கு இது ஓரளவு நேர்மையான பிழையாகத்தான் படுகிறது, ஏனென்றால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். என்விஎம்இ முழுக்க லிட்டில் எண்டியன், அதாவது கீழ் பைட் முதலில்; பிக் எண்டியனில் மேல் பைட் முதலில். கன்ட்ரோலர் ஒரு கமாண்டை முடித்ததும் கம்ப்ளீஷன் க்யூவில் 16 பைட் எழுதும். அதன் கடைசி 2 பைட்தான் ஸ்டேட்டஸ், அதன் 0-ஆவது பிட் ஃபேஸ் பிட். க்யூவை ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் கன்ட்ரோலர் அதை மாற்றி மாற்றி எழுதும், டிரைவர் அதைப் பார்த்துத்தான் "இது புதுசு" என்று தெரிந்துகொள்ளும். பிக் எண்டியன் ப்ராசஸரில் இந்த 2 பைட்டை மாற்றாமல் படித்தால் ஃபேஸ் பிட் 8-ஆவது இடத்தில் போய் உட்காரும், நாம் பார்க்கும் 0-ஆவது இடத்தில் ஸ்டேட்டஸ் கோடின் உச்ச பிட் இருக்கும். கமாண்ட் வெற்றிகரமாக முடிந்தால் ஸ்டேட்டஸ் கோட் 0. ஆகவே வெற்றி பெற்ற எந்தக் கமாண்டும் முடிந்ததாகவே தெரியாது, முதல் கமாண்டே டைம்அவுட். சத்தம்தான்.

ஆனாலும் எல்லா ஃபீல்டும் இப்படிச் சத்தம் போடாது. பிழை ஏற்பட்டால் மட்டும் படிக்கும் ஃபீல்டுகள், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கும் லாக் பக்கங்கள் எல்லாம் தப்பாக இருந்தாலும் கண்ணில் படாது. அதற்கு லினக்ஸில் ஸ்பார்ஸ் என்ற சோதனை ப்ரோகிராம் இருக்கிறது. கருவியிடமிருந்து வரும் ஃபீல்டுகளை லிட்டில் எண்டியன் வகை என்று அறிவித்துவிட்டால், மாற்றாமல் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்தையும் அது பட்டியல் போட்டுவிடும். பழைய ப்ராசஸர் கையில் வருவதற்கு முன்பே, உங்கள் லேப்டாப்பிலேயே இதை முடிக்கலாம். சி-யின் பிட்ஃபீல்டு (ஸ்ட்ரக்சரில் பிட் கணக்கில் அறிவிக்கும் ஃபீல்டு) எழுதியிருந்தால் அதையெல்லாம் தூக்கிவிட்டு மாஸ்க்கும் ஷிஃப்டுமாக மாற்றுங்கள். பிட்ஃபீல்டின் வரிசை கம்பைலரையும் ப்ராசஸரையும் பொறுத்து மாறும், பிக் எண்டியனில் பெரும்பாலும் மேலிருந்து கீழே வரும்.

இனி கேஷ், மெமரியின் காப்பியை ப்ராசஸர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிக்கிறவர் அடுத்ததைப் படிக்கட்டும்.

எக்ஸ்86-ல் ஒரு கருவி டிஎம்ஏ மூலம் (ப்ராசஸர் வழியாகப் போகாமல் நேராக) மெமரியில் எழுதினால் கேஷில் இருக்கும் பழைய காப்பியை ஹார்ட்வேரே கவனித்துக்கொள்ளும். பவர்பிசி 440 குடும்பம், ஏஆர்எம் 926 போன்றவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. கருவி மெமரியில் எழுதும், ப்ராசஸர் தன் கேஷில் இருக்கும் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். இதை மேலே சொன்ன கம்ப்ளீஷன் க்யூவில் வைத்துப் பாருங்கள். அந்த ப்ராசஸர்களில் கேஷ் லைன், அதாவது கேஷுக்கு ஒரே தடவையில் வரும் துண்டு, 32 பைட். ஒரு பதிவு 16 பைட். அப்படியானால் ஒரு லைனில் இரண்டு பதிவுகள். க்யூவைச் சாதாரண மெமரியில் வைத்துவிட்டோம் என்று கொள்வோம். கன்ட்ரோலர் முதல் பதிவை எழுதுகிறது, இன்டரப்ட் வருகிறது, டிரைவர் அதைப் படிக்கிறது. படித்தபோது லைன் முழுவதும் கேஷுக்கு வந்துவிட்டது, அதாவது இன்னும் எழுதப்படாத இரண்டாவது பதிவின் பழைய உருவமும் சேர்ந்து வந்துவிட்டது. அடுத்த கமாண்ட் முடிகிறது, கன்ட்ரோலர் மெமரியில் இரண்டாவது பதிவை ஒழுங்காக எழுதுகிறது, இன்டரப்ட் வருகிறது, டிரைவர் போய்ப் பார்த்தால் ஃபேஸ் பிட் மாறவில்லை. "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று திரும்பிவிடும். வேறு ஏதோ வேலையில் அந்த லைன் கேஷைவிட்டு வெளியேறியதும் திடீரென்று பதிவு தெரியும். மெஷின் மும்முரமாக இருந்தால் சரியாக ஓடும், சும்மா இருந்தால் டைம்அவுட் வரும். இந்த மாதிரி லட்சணத்தைப் பார்த்ததும் எஸ்எஸ்டி மேலும் கேபிள் மேலும் சந்தேகப்பட்டு நாட்களை ஓட்டுகிறவர்கள் உண்டு.

மருந்து எளிது. இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் தொடும் க்யூக்களை டிஎம்ஏ அலாக் கோஹெரன்ட் மூலம் வாங்குங்கள். எக்ஸ்86-ல் அது சாதாரண மெமரிதான், இந்த ப்ராசஸர்களில் கேஷ் செய்யப்படாத மெமரியாக வரும். டேட்டா பஃபர்களை ஒவ்வொரு தடவையும் மேப் செய்து, முடிந்ததும் விடுவியுங்கள். மேப் செய்யும் அந்த ஃபங்ஷன்தான் கேஷைத் துடைக்கும் வேலையைச் செய்கிறது. எக்ஸ்86-ல் அது ஏறக்குறைய ஒன்றுமே செய்யாததால், அதைக் கூப்பிட மறந்தாலும் சில நேரம் ஓடிவிடும். மறந்த இடங்கள்தான் இங்கே வெளியே வரும்.

இதைவிட மோசமானது ஒரே லைனில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பது. ஒரு ஸ்ட்ரக்சருக்குள் 512 பைட் பஃபரும் அதை ஒட்டி ஒரு கவுன்டரும் இருக்கிறது. பஃபருக்கு டிஎம்ஏ நடந்துகொண்டிருக்கும்போது ப்ராசஸர் கவுன்டரை ஒன்று கூட்டுகிறது. இருவரும் ஒரே 32 பைட் லைனில் இருந்தால், ஒன்று கருவி எழுதியது அழியும், இல்லை கவுன்டர் அழியும். யார் ஜெயிப்பார்கள் என்பது கேஷ் எப்போது திரும்ப எழுதுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டாக்கில் இருக்கும் பஃபருக்கு டிஎம்ஏ செய்வது இதனால்தான் கூடவே கூடாது. ஆரம்பத்தில் சொன்ன 32 பைட் குப்பை இப்படி வருவதுதான்.

வரிசை விஷயமும் அமைதியானதுதான், ஆனால் மருந்து சின்னது. ஃபேஸ் பிட்டைப் படித்த பிறகுதான் அந்தப் பதிவின் மற்ற ஃபீல்டுகளைப் படிக்க வேண்டும். சி-யில் அப்படித்தான் எழுதியிருப்போம். எக்ஸ்86 படிப்புகளை வரிசையாகவே காட்டும், பவர்பிசியும் ஆல்ஃபாவும் அந்த உறுதியைத் தருவதில்லை: ஃபேஸ் பிட் புதுசாகவும் கமாண்ட் எண் பழசாகவும் வந்தால், முடியாத ஒரு கமாண்டை முடிந்தது என்று சொல்லிவிடுவோம். அதாவது டேட்டா வராத பஃபரை ஃபைல் சிஸ்டத்திடம் கொடுப்போம். இரண்டு படிப்புக்கும் நடுவில் ஒரு டிஎம்ஏ படிப்புப் பேரியர், அவ்வளவுதான். எழுதும் பக்கத்தில் லினக்ஸின் வழக்கமான ரெஜிஸ்டர் எழுத்து ஃபங்ஷன் பேரியரோடு வருகிறது, வேகத்துக்காக யாராவது அதை ரிலாக்ஸ்டு வகைக்கு மாற்றியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். ஆல்ஃபா என்றதும் இன்னொன்று. அதன் ஆரம்பகால ப்ராசஸர்களில் ஒற்றை பைட்டை எழுதும் இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது, சுற்றியுள்ள பெரிய துண்டைப் படித்து, ஒரு பைட்டை மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதும். பக்கத்து பைட்டை அந்த நேரத்தில் வேறு யாராவது எழுதியிருந்தால் போச்சு. 2024-ல் வந்த லினக்ஸ் 6.10 அந்த ஆரம்ப ஆல்ஃபாக்களுக்கான ஆதரவை நீக்கிவிட்டது, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எல்லாப் பழசையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி அல்ல.

அலைன்மென்டுக்கு (எண் தன் அளவின் மடங்கான முகவரியில் உட்கார்ந்திருப்பதற்கு) என்விஎம்இ-யிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் லாக்கில் 0-ஆவது பைட் எச்சரிக்கைக் கொடிகள், 1-உம் 2-உம் சேர்ந்து கெல்வினில் வெப்பநிலை. 16 பிட் எண் ஒற்றைப்படை முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்86 இதைக் கண்டுகொள்ளாது, ஸ்பார்க் உடனே ட்ராப் அடிக்கும், அதாவது பிழை என்று நிறுத்தும். பழைய ஏஆர்எம்மின் குணம் தனி: அலைன்மென்ட் சோதனை அணைந்திருந்தால், 32 பிட் எண்ணைச் சீரில்லாத முகவரியிலிருந்து படிக்கும்போது கீழே உள்ள சீரான சொல்லை எடுத்து அதைச் சுழற்றிக் கொடுக்கும். பிழை ஏதும் வராது, ஒரு எண் வரும், அது தப்பான எண். லினக்ஸ் டிரைவர் இந்த வெப்பநிலையை இரண்டு பைட் கொண்ட அரேயாகத்தான் அறிவித்திருக்கிறது, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பக்க அளவு, அதாவது மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் துண்டின் அளவு. என்விஎம்இ-க்கு பஃபர் எங்கே என்று சொல்வது பக்கப் பட்டியல் மூலம், அதில் முதல் பக்கம் மட்டுமே நடுவில் ஆரம்பிக்கலாம். ப்ராசஸரின் பக்கமும் கன்ட்ரோலரின் பக்கமும் ஒன்றே என்று எழுதப்பட்ட டிரைவர் எக்ஸ்86-ல் ஜம்மென்று ஓடும், அங்கே இரண்டும் 4096. ஆல்ஃபாவில் ப்ராசஸர் பக்கம் 8192, பவர்பிசி 440-ல் கெர்னலை 64 கேபி பக்கத்தோடும் கட்டலாம். 64 கேபியைப் படிக்க ஒரே பக்க முகவரி போதும் என்று டிரைவர் நினைக்கும், கன்ட்ரோலர் அதில் 4096 பைட்டைப் போட்டுவிட்டு மீதிக்கு அடுத்த முகவரி ஃபீல்டைப் பார்க்கும், அங்கே 0 இருந்தால் மெமரியின் அடியில் இருப்பதையே முகவரிப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு, அது காட்டும் இடங்களில் போய் எழுதும். பழைய போர்டில் அதைத் தடுக்க ஐஓஎம்எம்யூ (கருவி எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்ட்வேர்) இருக்காது. கன்ட்ரோலர் பக்கத்தை எப்போதும் 4096 என்று வைத்துக்கொண்டு, ப்ராசஸர் பக்கத்தை அதற்கேற்பத் துண்டு போடுவதுதான் வழி, லினக்ஸும் அதையே செய்கிறது.

நேரடி நேண்ட் அல்லது நார் ஃபிளாஷ் வைத்த போர்டு என்றால் டிஎம்ஏ தலைவலி குறைவு, ஆனால் வடிவம் ஃபிளாஷிலேயே தங்கிவிடுகிறது. ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற ஃபிளாஷ் ஃபைல் சிஸ்டம் வழக்கமாக அந்தந்த ப்ராசஸரின் எண்டியனிலேயே எழுதும், ஒரு போர்டில் எழுதியதை எதிர் எண்டியன் போர்டு படிக்காது. அதைக் கண்டுபிடிக்கவே கெர்னலில் ஒரு மாறிலி இருக்கிறது: அடையாள எண் ஹெக்ஸில் 1985, தலைகீழான பைட் வரிசையில் 8519, அந்த மாறிலியின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து தலைகீழாகவே வைத்திருக்கிறார்கள். எழுதியவர் எவ்வளவு ரசித்துச் செய்திருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். நேரடி ஃபிளாஷை நிர்வகிக்கும் லினக்ஸின் யூபிஐ அடுக்கு இந்தப் பிரச்சினையையே எடுத்துக்கொள்ளவில்லை, எந்த ப்ராசஸராக இருந்தாலும் பிக் எண்டியன்தான் என்று ஒரே முடிவு.

ஒரு வேண்டுகோள். இந்தத் திருத்தங்களை "ப்ராசஸர் இதுவானால் இப்படி" என்று இஃப்டெஃப் போட்டு எழுதாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் அது தேவையில்லை. இஃப்டெஃபுக்குள் போன வரியை எக்ஸ்86-ல் யாரும் கம்பைல் செய்து பார்க்க மாட்டார்கள், அடுத்த மாற்றத்தில் அது உடையும், உடைந்ததும் யாருக்கும் தெரியாது. எல்லா ப்ராசஸரும் ஒரே வரியில் போகட்டும்.

அப்புறம் சோதனை. க்யூஎமு என்ற எமுலேட்டர் பவர்பிசி, மிப்ஸ், ஸ்பார்க், ஆல்ஃபா எல்லாவற்றையும் போலி செய்யும், என்விஎம்இ கருவியும் உண்டு, எண்டியனும் எண்ணின் அகலமும் பிடிபட அருமையான இடம். ஆனால் அது கேஷைப் போலி செய்வதில்லை, கேஷ் பிழை அங்கே ஒருநாளும் வராது. "க்யூஎமுவில் ஓடியது" என்பதைப் பாதிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்கு எக்ஸ்86-லேயே ஒரு வழி இருக்கிறது: கெர்னலை எஸ்டபிள்யூஐஓடிஎல்பி ஃபோர்ஸ் என்ற பூட் ஆப்ஷனோடு ஏற்றினால், மேப் செய்த ஒவ்வொரு டேட்டா பஃபரும் இடையில் வேறொரு மெமரிக்குக் காப்பியாகிப் போய் வரும். ஒத்திசைக்க மறந்த இடத்தில் பழைய டேட்டா அப்படியே நிற்கும். டிஎம்ஏ பிழை கண்டுபிடிக்கும் கெர்னல் ஆப்ஷனையும் சேர்த்து இயக்கினால் ஸ்டாக் பஃபர், விடுவிக்காத மேப் எல்லாம் லாகில் வந்துவிடும்.

கடைசியில் உண்மையான போர்டில், காலி எஸ்எஸ்டியில், ஒவ்வொரு செக்டரிலும் அதன் சொந்த எண்ணையே நிரப்பி முழு டிஸ்கையும் எழுதுங்கள். எழுதிய கையோடு படித்துச் சரிபார்க்காதீர்கள். எல்லாம் முடிந்து, மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்து, பிறகு முதலிலிருந்து படியுங்கள். உடனே படித்தால் சுற்றிக்கொண்டு வரும் பிழை தெரியாது: பைட் கணக்கை எங்கோ 32 பிட்டில் வைத்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டியதும் எழுத்து மறுபடி 0-க்கே போகும், படிப்பும் அதே தப்பான இடத்துக்கே போய்ச் சரியான விடையைக் கொண்டுவரும். டிஸ்கை வேறொரு 64 பிட் மெஷினில் மாட்டிப் படிப்பது இன்னும் நல்லது. அங்கே 0-ஆவது செக்டரைத் திறந்தால் 8388608 (4 ஜிபியை 512-ஆல் வகுத்தது) என்றோ அதன் மடங்கு ஏதோ ஒன்று என்றோ இருந்தால் அதுதான் காரணம், டேட்டா உள்ள டிஸ்காக இருந்திருந்தால் உங்கள் பார்ட்டிஷன் டேபிளுக்கும் இதே கதிதான். குப்பை 32 பைட் துண்டுகளாக இருந்தால் கேஷைப் பாருங்கள். 4096-ன் எல்லையில் டேட்டா இடம் மாறியிருந்தால் பக்கப் பட்டியல். ஒற்றை பிட் மட்டும் ஆங்காங்கே மாறியிருந்தால் டிரைவரைத் தொடாதீர்கள், போர்டு பழசு, முதலில் ரேமை ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்துப் பாருங்கள்.